பணம் எடுத்தாச்சு, ஆப் திறக்கவில்லை: கைப்பேசிச் சூதாட்டம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கைப்பேசியில் பணம் கட்டி ஆடுவது பற்றி வந்திருக்கும் கடிதங்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு இந்த முறை பதில் எழுதுகிறேன். படித்தவரையில் பலர் போனின் கோளாறையும் ஆட்டத்தின் இயல்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நெட் அறுந்தால் சரிசெய்யலாம், ஆப் திறக்காவிட்டால் திறக்க வைக்கலாம், ஆனால் தொடர்ந்து தோற்பது கோளாறே இல்லை, அதற்கு செட்டிங்ஸில் வைத்தியம் கிடையாது. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த ஆட்டத்துக்குச் சட்டத்தில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தடை இருக்கும் இடத்தில் ஆடிப் பணம் மாட்டிக்கொண்டால், கேட்கப் போக உங்களுக்கு ஒரு வாசல்கூட இருக்காது.

கேள்வி: ஸ்லாட் (படங்கள் சுழன்று நிற்கும் ஆட்டம்) சுற்றிக்கொண்டிருக்கும்போதே நெட் போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால் பெட் தொகை கழிந்திருக்கிறது, ஜெயித்தேனா தோற்றேனா என்று ஒன்றும் காட்டவில்லை. அந்தச் சுற்று என்ன ஆனது?

பதில்: அந்தச் சுற்று முடிந்துவிட்டது. நீங்கள் பட்டனைத் தொட்டதும் போனிலிருந்து கோரிக்கை நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, அங்கேயே எண் தேர்வாகி முடிவும் பதிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் திரையில் சக்கரம் சுற்றுவதும், படங்கள் ஒவ்வொன்றாக நிற்பதும், இசை ஏறுவதும் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றை உங்களுக்குக் காட்டும் படம்தான். அதனால் பாதியில் நெட் போனால் போவது படம் மட்டும், முடிவு இல்லை. திரும்ப உள்ளே போய், கேம் ஹிஸ்டரி அல்லது பெட் ஹிஸ்டரி என்று இருக்கும் பக்கத்தைத் திறந்தால் நேரம், சுற்று எண், கட்டிய தொகை, கிடைத்த தொகை எல்லாம் இருக்கும். கழிந்த தொகை அங்கேயும் இல்லை, வாலட்டிலும் திரும்பவில்லை என்றால்தான் புகார். அந்தச் சுற்று எண்ணையும் நேரத்தையும் சேர்த்து எழுதினால் பதில் சீக்கிரம் வரும். வெறுமனே 'பணம் போச்சு' என்று எழுதினால் அவர்கள் உங்களிடம் இதையே திருப்பிக் கேட்டு இரண்டு நாளை ஓட்டுவார்கள்.

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் மாதிரி நடுவில் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய ஆட்டங்கள் கதை வேறு. சில இடத்தில் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைப்பார்கள், சில இடத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உங்களுக்குப் பதிலாக விதிப்படி அவர்களே முடித்துவிடுவார்கள். விமானம் மேலே ஏற ஏறத் தொகை பெருகி, அது மறைவதற்குள் பணத்தை எடுக்க வேண்டிய ஆட்டங்களில் 'கேஷ் அவுட்' என்ற பணம் எடுக்கும் பட்டனை நீங்கள் தொட்ட நேரம் கணக்கில்லை, அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு. அரை நொடி தாமதத்தில் கை நழுவுவது இதனால்தான். இணைப்பு அறுந்தால் என்ன செய்வோம் என்று ஒவ்வொரு ஆட்டத்தின் விதியிலும் எழுதியிருக்கும், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு பத்தியையாவது படியுங்கள்.

நெட் அடிக்கடி அறுகிறது என்றால், வீட்டில் நீங்கள் உட்காரும் இடத்தைப் பாருங்கள். வைஃபை எட்டியும் எட்டாமலும் இருக்கும் மூலையில் போன் ஒரு நிமிஷம் வைஃபையைப் பிடிக்கும், அடுத்த நிமிஷம் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். மேலே கோடுகள் நிறைந்தே தெரியும், வீடியோகூட ஓடும், ஆனால் தாவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தின் இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வங்கியில் பணம் எடுத்துவிட்டார்கள், ஆப்பில் ஏறவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன், ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டது. எங்கே கேட்பது?

பதில்: முதலில் முயல்வதை நிறுத்துங்கள். ஒரு முறை தொங்கினால் மறுபடி அழுத்தக் கூடாது, அது தொங்கிய பணத்தை இழுத்து வராது, இன்னொரு தொகையையும் அதன் பின்னால் தொங்கவிடும். வங்கியின் பட்டியலில் அந்த வரி வெற்றி என்று காட்டுகிறதா, நிலுவை என்று காட்டுகிறதா என்று பாருங்கள். நிலுவையில் இருப்பது பெரும்பாலும் ஒன்று ஏறிவிடும், இல்லாவிட்டால் தானாகவே கணக்குக்குத் திரும்பும். வெற்றி என்று இருந்தும் ஆப்பில் வரவில்லை என்றால், பரிவர்த்தனை எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆப்பின் உள்ளே இருக்கும் சாட்டில் அனுப்புங்கள், அங்கே பதில் இல்லையென்றால் வங்கியில் புகார் பதியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பதற்றத்தில் இருப்பவர் செய்யும் முதல் வேலை, அந்த ஆப்பின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துத் தேடுவது. அப்படித் தேடுபவருக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். போன் எடுப்பவர் மிகவும் பணிவாகப் பேசுவார், 'உங்கள் பணத்தை இப்போதே திருப்பி அனுப்புகிறேன் சார், இந்தச் சின்ன ஆப்பை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்' என்பார். அது உங்கள் திரையை அவருக்குக் காட்டும் ஆப். அப்புறம் வரும் ஓடிபி-யை நீங்கள் வாயால் சொல்லக்கூட வேண்டாம், அவரே படித்துக்கொள்வார். பணத்தைத் திருப்பித் தருபவருக்கு உங்கள் ஓடிபி-யோ ரகசிய எண்ணோ ஒருபோதும் தேவைப்படாது.

கேள்வி: ஜெயித்த பணத்தை எடுக்க முடியவில்லை. முதலில் அடையாளச் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு போனஸ் விதி முடியவில்லை என்றார்கள். இப்போது வரி கட்டினால்தான் விடுவிப்போம் என்கிறார்கள். கட்டட்டுமா?

பதில்: கட்டாதீர்கள். கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால்கூட இந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன். உங்கள் கணக்கில் இருப்பதாகக் காட்டும் பணத்தை எடுக்க, வெளியிலிருந்து நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால் அது மோசடி. வரி என்பார்கள், சரிபார்ப்புக் கட்டணம் என்பார்கள், கணக்கு உறைந்துவிட்டது, திறக்க டெபாசிட் என்பார்கள். வரி பிடிக்க வேண்டிய இடத்தில் நேர்மையான நிறுவனம் உங்கள் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும், இல்லையென்றால் நீங்களே பின்னால் அரசுக்குக் கட்டிக்கொள்ளும்படி இருக்கும். முதல் கட்டணத்தைக் கட்டினால் இரண்டாவதாக ஒன்று முளைக்கும். திரையில் தெரியும் அந்தப் பெரிய தொகை வெறும் எண், அதற்குப் பின்னால் பணமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல்கள், கணக்கு எண்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, வங்கியிலும் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அனுப்பிய பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம், 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது தாமாகவே வந்து பேசினால், அதே கூட்டம் வேறு பெயரில் வந்திருக்கிறது என்றே நினையுங்கள்.

மற்ற இரண்டும் உரிமம் பெற்ற இடங்களிலும் நடப்பவைதான், அதனால் தெரிந்துகொள்வது நல்லது. அடையாளச் சான்று கேட்பது கறுப்புப் பணத்தை வெளுப்பதைத் தடுக்கும் விதிகளாலும் வயதைச் சரிபார்க்கவும்தான். கணக்கில் இருக்கும் பெயரும் சான்றில் இருக்கும் பெயரும் வங்கியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தாலே தானியங்கிச் சோதனை தள்ளிவிடும். படம் எடுக்கும்போது அட்டையின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பளபளப்பில் எழுத்து மறையக் கூடாது. எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அதே வழியில்தான் திருப்பித் தருவோம் என்று பல இடங்களில் விதி உண்டு, நண்பரின் கார்டில் கட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

போனஸ் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 100 போனஸ், 30 மடங்கு ஆட வேண்டும் என்றால் மொத்தம் 3,000-க்கு பெட் கட்டி முடித்தால்தான் எடுக்க முடியும். அந்த ஸ்லாட் சராசரியாக 96 சதவீதம் திருப்பித் தருவது என்று வைத்தால், 3,000-க்கு ஆடும்போது சராசரி இழப்பு 120. கொடுத்த இனாம் 100, அதை எடுக்க ஆகும் செலவு 120. சில இடங்களில் போனஸோடு நீங்கள் கட்டிய டெபாசிட்டையும் சேர்த்து 30 மடங்கு என்பார்கள், அப்போது கணக்கு இன்னும் மோசம். போனஸ் வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறது, போன் அடுப்பு மாதிரி சுடுகிறது.

பதில்: இது சுலபம். போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், ஆப்பைப் புதுப்பியுங்கள், சேமிப்பிடம் நிரம்பிவிட்டதா பாருங்கள். அடுத்து செட்டிங்ஸில் ஆப்பின் 'கேஷ்' (cache), அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கோப்புகளை மட்டும் துடையுங்கள். 'டேட்டாவை அழி' என்பதைத் தொட்டால் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், ஆகவே பாஸ்வேர்ட் நினைவில் இருக்கும்போது மட்டும் அது. ஆண்ட்ராய்டில் இன்னொன்றும் உண்டு: இந்த ஆப்கள் பலவும் உள்ளுக்குள் ஒரு இணையப் பக்கத்தைத்தான் திறக்கின்றன, அதற்கு 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற துணை ஆப் வேண்டும். 2021 மார்ச்சில் அதன் ஒரு புதுப்பிப்பு கெட்டுப்போய் உலகம் முழுக்கச் சம்பந்தமே இல்லாத ஆப்கள் எல்லாம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. பிளே ஸ்டோரில் அதையும் குரோமையும் புதுப்பித்துப் பாருங்கள். சூடு என்றால் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், நேரலை டீலர் மேஜையில் வீடியோ தரத்தைக் குறையுங்கள். போன் சுடும் அளவுக்கு எத்தனை மணி நேரம் ஆடினோம் என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பக்கத்தில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஸ்டோரில் கிடைக்கவில்லை என்று யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை (ஸ்டோருக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆப்பை நிறுவும் கோப்பு) போட்டிருக்கிறீர்கள் என்றால் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ, அக்ஸஸிபிலிட்டி அனுமதியோ கேட்டதா? இரண்டாவதைக் கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் வருவதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தொடவும் அதனால் முடியும். சூதாட்ட ஆப்புக்கு அது எதற்கு? உடனே நீக்குங்கள், வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: 'உங்கள் இடத்தை உறுதிசெய்ய முடியவில்லை' என்று வருகிறது. இருக்கும் இடத்தை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: விபிஎன் இருந்தால் அதனாலேயே வந்திருக்கும், அணையுங்கள். லொகேஷனைத் 'துல்லியமாக' என்று வையுங்கள், பேட்டரி சேமிப்பு ஓடுகிறதா பாருங்கள், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போலி இடம் காட்டும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். அனுமதியில்லாத இடத்திலிருந்து விபிஎன் போட்டு ஆடினால் தோற்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஜெயித்துப் பணம் எடுக்கப் போகும்போதுதான் விதி மீறல் என்று கணக்கை மூடுவார்கள், அப்போது உங்கள் பக்கம் நியாயம் பேச ஒன்றும் இருக்காது.

கேள்வி: சின்னத் தொகை கட்டினால் ஜெயிக்கிறேன், பெரிசாகக் கட்டினால் உடனே தோற்கிறேன். ஆப் என்னைப் பார்த்து ஆடுகிறதா? எந்த நேரத்தில் ஆடினால் நல்லது?

பதில்: உரிமம் இல்லாத ஆப் என்றால் அது என்ன வேண்டுமானாலும் செய்யும், அதைப் பற்றி யாரும் உத்தரவாதம் தர முடியாது. உரிமம் இருக்கிறதா என்று ஆப்பின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து நம்பாதீர்கள், அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பிரிட்டனின் கேம்பிளிங் கமிஷன், மால்டா கேமிங் அத்தாரிட்டி மாதிரி உரிமம் தரும் அமைப்புகள் தங்கள் தளத்தில் பட்டியல் வைத்திருக்கின்றன, அங்கே போய்ப் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

ஆனால் நேர்மையாக நடக்கும் ஆட்டத்திலும் நீங்கள் சொன்ன அதே அனுபவம் வரும். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று கட்டும் ஆட்டம் ரூலெட். ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட்டில் 37 குழிகள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு லாபம் தருகிறார்கள். நியாயமாகத் தர வேண்டியது 36. அந்த ஒரு மடங்கு வித்தியாசம்தான் நிறுவனத்தின் பிழைப்பு, கட்டும் ஒவ்வொரு 100-க்கும் சராசரி 2.7. ஏமாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. காலையில் ஆடினாலும் நள்ளிரவில் ஆடினாலும் அந்த 2.7 மாறாது. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் ஒரே மேஜையில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனி சிவப்புதான், இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டி ஒரு கூட்டமே பணத்தை இழந்தது. 'இத்தனை முறை தோற்றுவிட்டேன், இனி வரும்' என்று உங்களுக்குத் தோன்றுவதும் அதேதான்.

பெரிய தொகை கட்டித் தோற்றது மனசில் நிற்கும், சின்னத் தொகை தோற்றது நிற்காது, அதனால்தான் ஆப் உங்களைக் குறிவைப்பதாகத் தெரிகிறது. ஒரு மாத ஹிஸ்டரியைத் திறந்து கட்டியதையும் கிடைத்ததையும் தாளில் கூட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். வேகமும் ஒரு காரணம். நிமிஷத்துக்கு 10 ஸ்பின், ஒன்றுக்கு 1 என்றால் மணிக்கு 600 கட்டுகிறீர்கள். 96 சதவீத ஸ்லாட்டில் அதில் சராசரி 24 போகும். கையில் 50-தான் இருந்தது, பெரிசாக ஒன்றும் கட்டவில்லையே என்று தோன்றும், ஆனால் அதே 50 சுற்றிச் சுற்றி 600 ஆகியிருக்கிறது. பிரிட்டனில் 2021 முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஸ்பின்னுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 2.5 நொடி இருக்க வேண்டும், தானாகச் சுற்றும் வசதி கூடாது, கட்டியதைவிடக் குறைவாகவோ அதே அளவோ திரும்பி வந்தால் ஜெயித்ததுபோல் மணியடித்து விளக்குப் போடக் கூடாது என்று விதி வைத்தார்கள். 1 கட்டி 0.40 வந்தால் அது 0.60 நஷ்டம். உங்கள் ஆப் அதற்கும் கொட்டு மேளம் அடிக்கிறதா, கவனியுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் அடுத்த ரிசல்டை முன்கூட்டியே சொல்கிறார், இலவசமாகச் சொன்ன சில சரியாகவும் இருந்தன. கட்டணக் குழுவில் சேரலாமா?

பதில்: வேண்டாம். தவறிப்போனதை அழித்துவிட்டுப் பலித்ததை மட்டும் விட்டு வைப்பது ஒரு வழி. பாதிப் பேருக்கு இப்படி, மீதிப் பேருக்கு அப்படி என்று அனுப்பி, பலித்த பாதியோடு மேலே போவது இன்னொரு வழி. முடிவு சர்வரில் தேர்வாகிறது என்று மேலே சொன்னேன், அது வெளியில் ஒருவருக்கு உண்மையாகவே தெரிந்தால் உங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு இருக்க மாட்டார். 'ஹேக்' செய்த ஆப் என்று தருவதும் இப்படித்தான், அதில் ஹேக் ஆவது உங்கள் போன்.

கேள்வி: என் தம்பி ராத்திரி முழுக்கப் போனில் ஆடுகிறான். ஆப்பை நீக்கிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறான், நாலு நாளில் மறுபடி இருக்கிறது. கடன் வாங்கியிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அவன் போனில் என்ன செய்தால் இது நிற்கும்?

பதில்: சகோதரி, போனில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் அவனுக்குத் தெரியாமல் செய்தால் ஒன்றும் நிற்காது, இன்னொரு போன் வரும். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஆப்பை நீக்கினால் கணக்கு மூடாது. உள்ளே கணக்கும் சேமித்து வைத்த கார்டும் அப்படியே இருக்கும், திரும்ப இறக்க ஒரு நிமிஷம் போதும். மீதிப் பணத்தை எடுத்துவிட்டு, கணக்கின் உள்ளே 'செல்ஃப் எக்ஸ்க்ளூஷன்' என்ற இடத்துக்குப் போய்த் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் கணக்கு மூடலை மறுநாளே திறக்கச் சொல்லலாம், விலக்கிக்கொண்ட கணக்கையோ, அவன் குறிப்பிட்ட காலம் முடியும்வரை திறக்க மாட்டார்கள். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஒரே பதிவில் அங்கே உரிமம் பெற்ற எல்லாத் தளமும் மூடிக்கொள்ளும், வேறு சில நாடுகளிலும் இதுபோல் உண்டு, உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சூதாட்டத் தளங்களை மொத்தமாக மறிக்கும் ஆப் ஒன்றைப் போடுங்கள், கேம்பேன் அப்படி ஒன்று. வங்கியில் சூதாட்டப் பரிவர்த்தனையை முடக்கும் வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். பிரவுசரிலும் வாலட்டிலும் சேமித்த கார்டை அழியுங்கள், பணம் அனுப்பக் கைரேகை போதும் என்ற வசதியை எடுத்துவிடுங்கள். 'இலவச ஸ்பின் காத்திருக்கிறது' என்று நள்ளிரவில் வரும் நோட்டிஃபிகேஷன், எஸ்எம்எஸ், மெயில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பலர் திரும்ப இழுபடுவது அந்த ஒரு வரியால்தான்.

அவனைத் திட்டுவதில் பயனில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது வெறும் சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களின் அதே பிரிவுக்குக் கொண்டுவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும் பரிசு, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மனநல மருத்துவரிடம் போங்கள், பேச்சு வழிச் சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது. 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய, சூதாட்டத்தை விட நினைப்பவர்கள் கூடும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் பல நாடுகளில் இலவசமாக நடக்கின்றன.

கடனை மொத்தமாக நீங்களே அடைத்துவிடாதீர்கள், மனசு கேட்காது, தெரியும். ஆனால் அடைந்த கடன் அவன் கண்ணுக்குப் புதுக் கடன் வாங்க இடமாகத் தெரியும். யார் யாருக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், பட்டியல் முதல் நாளில் முழுசாக வராது, இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும். சம்பளம் கொஞ்ச காலத்துக்கு உங்கள் கைக்கோ அவன் நம்பும் இன்னொருவர் கைக்கோ வரட்டும், கடன் கொடுத்தவருக்கு நேராகப் போகட்டும். மிரட்டும் கடன் ஆப்கள் இருந்தால் அதைத் தனியாகப் போலீசில் சொல்லுங்கள். 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்கிற மாதிரி அவன் ஒரு வார்த்தை விட்டால், காசுப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள், அந்த ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள்.